சாமிய ஏன் தண்ணிக்குள்ள விட்டாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மலையக வரலாறு, அதாவது தோட்டத்துத் தமிழரான எங்கள் கதை, மூன்றாம் தரத்திலிருந்தே பாடமாக வேண்டும் என்கிறார். கூடவே ஒரு அட்டவணையும் போட்டிருக்கிறார்: 1867 தேயிலை, 1931 வாக்குரிமை, 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். பிள்ளைகள் இதை மனப்பாடம் பண்ணிவிட்டால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் கேள்வி போடலாம், கேள்வி வந்தால்தான் ஆசிரியர்மாரும் படிப்பிப்பார்கள் என்பது அவருடைய கணக்கு.

அவருக்குள்ள ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் முப்பத்தொரு வருஷம் ஆரம்பப் பிரிவில், அதிலும் பெரும்பாலும் நான்காம் தரத்தில் காலம் தள்ளியவள் நான். அந்த அட்டவணையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு 1867உம் ஒன்றுதான், 1967உம் ஒன்றுதான். ஒருமுறை வெள்ளைக்காரத் துரைமார் காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன் வாங்கில் இருந்த பையன் கையைத் தூக்கி, "டீச்சர், அந்தத் தொர ஒங்கள அடிச்சிருக்கானா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'அந்தக் காலத்தில' என்று நான் சொன்ன ஒரே சொல்லுக்குள் என் அம்மாயியும் இருந்தாள், கண்டி ராசாவும் இருந்தான், துட்டகைமுனுவும் இருந்தான். எல்லோரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுத்தது நான்தானே.

ஒன்றாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரைக்கும் வரலாறு என்று தனிப்பாடம் கிடையாது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடத்துக்குள் அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும். ஆறாம் தரத்துக்குப் போனதும் திடீரென்று தனிப் புத்தகமாக வந்து நிற்கும். அதற்கு முன் ஐந்து வருஷம் பிள்ளையின் கையில் என்ன கொடுத்து அனுப்புவது என்பதுதான் கேள்வி. இன்னொரு புத்தகம் வேண்டாம். இப்போதே பையைத் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறும் பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இருக்கிற பாடத்துக்குள்ளேயே, 'உனக்கு எப்படித் தெரியும்?' என்ற ஒரு கேள்வியை ஒன்றாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரைக்கும் விடாமல் கேட்டுக்கொண்டு போனால் போதும் என்பது என் கட்சி.

காலத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். துரை அடித்தானா என்று அந்தப் பையன் கேட்ட மறு வாரம், துணி காயப்போடும் கயிறு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுபோனேன். என் கைச்சாண் ஒன்று பத்து வருஷம் என்று வைத்துக்கொண்டோம். ஒன்பது வயதுப் பிள்ளையின் வாழ்க்கை ஒரு சாணுக்கும் குறைவு. அதைப் பார்த்ததுமே அவர்களுக்கு ஆச்சரியம். அம்மாயி ஆறு சாண், ஏழு சாண். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட 1867க்குப் போகப் பதினாறு சாண் போல வேண்டும். கண்டி ராசாவை இங்கிலீஷ்காரர் பிடித்த 1815க்கு இருபத்தொரு சாண். அதோடு கயிறு முடிந்துவிட்டது. "அநுராதபுரம் எங்க டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அங்கே ஆண்ட தேவநம்பிய தீசனுக்கு இருநூற்றிருபது சாணுக்கு மேலே அளக்க வேண்டும். வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, மைதானத்தைக் குறுக்கே அளந்து, மறுகோடி மரத்தடியில் போய் நின்றோம். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் வகுப்பறை வாசலில் எங்கள் கயிறு சின்னதாகக் கிடந்தது. அதன்பின் ஒரு பிள்ளையும் ராசாவையும் துரையையும் ஒரு லயத்தில், எங்கள் தோட்டத்து வரிசை வீட்டில், குடிவைக்கவில்லை.

இது நான்காம் தரத்துக்குச் சரி. ஒன்றாம், இரண்டாம் தரத்துக்கு ஆண்டே வேண்டாம். முதலில் எது, பிறகு எது என்று வரிசைப்படுத்தத் தெரிந்தால் போதும். காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டு முதலா, கொழுந்து நிறுக்கிறது முதலா? பாட்டி காலத்துக் குப்பி லாம்பு முதலா, மின்குமிழ் முதலா?

அடுத்தது நான் சறுக்கி விழுந்த இடம். வரலாற்றைக் குடும்பத்திலிருந்து தொடங்கு என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருவார்கள். நல்ல யோசனைதான். குடும்ப மரம் வரையச் சொன்னேன். ஒரு சிறுமி அம்மா இருக்க வேண்டிய கிளையில் பிளேன் ஒன்றை வரைந்துகொண்டு வந்தாள். அம்மா சவூதியில். இன்னொரு பையன் அப்பா இருக்க வேண்டிய இடத்தை அழித்து அழித்துத் தாளையே ஓட்டையாக்கியிருந்தான். இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் விடாமல், பாட்டன் பூட்டன் இந்தியாவில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று வந்தது. ஒரு பையன் ஊரோடு சாதிப் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டு வந்து சத்தமாக வாசித்தான். அவன் பக்கத்தில் இருந்த பிள்ளை மறுநாள் வேறு வாங்குக்குப் போய்விட்டது. யார் போகச் சொன்னார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, எனக்கே தெரியும். மகரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தில் உட்கார்ந்து பாடத்திட்டம் வரைகிறவர்களுக்கு 'உன் பூர்வீகம் எது' என்பது நோகாத கேள்வியாகத் தெரியலாம். லயத்தில் அந்தக் கேள்வி வேறு கதவுகளையும் திறந்துவிடும்.

அதன் பிறகு ஆட்களை விட்டுவிட்டுச் சாமான்களுக்குப் போனேன். வீட்டில் இருக்கிற பழைய சாமான் ஒன்றைப் பார்த்து, அது யாருடையது, எதற்குப் பாவித்தது, இப்போது அதற்குப் பதில் என்ன இருக்கிறது என்று கேட்டு வா. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி வந்தது (கத்தியை வகுப்புக்குள் விடாமல் அதிபர் பிடுங்கி வைத்துக்கொண்டார், அது வேறு கதை). அரிக்கன் லாம்பு வந்தது. தப்பு மேளம் ஒன்று வந்தது, அன்று வேறு பாடமே நடக்கவில்லை. ஒரு பாட்டி தன் பழைய கொழுந்துக் கூடையைக் கொடுத்தனுப்பியிருந்தார். பிள்ளைகளின் அம்மாமார் இப்போது பையில்தான் கொழுந்து எடுக்கிறார்கள். கூடை எப்போது போனது, பை எப்போது வந்தது என்று ஆளுக்கொரு பதில் கொண்டுவந்தார்கள். எந்தப் பதில் சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆளைக் கேட்கலாம், பழைய படத்தைப் பார்க்கலாம், கணக்கப்பிள்ளையிடம் விசாரிக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே சொன்ன வழிகள் இவை. ஆய்வு முறை என்று பல்கலைக்கழகத்தில் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள், எங்கள் பிள்ளைகளுக்கு அது கூடைக் கதை.

மூன்றாம் தரத்துக்கு இடப் பெயர்களைக் கொடுக்கலாம். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களைச் சொல்லிப் பாருங்கள்: கிளன்டில்ட், ஸ்ட்ராத்ஸ்பே, மொறே, மொக்கா. முதல் மூன்றும் ஸ்கொட்லாந்துப் பெயர்கள். மொக்கா யேமனில் கோப்பி ஏற்றிய துறைமுகம். இன்றைக்குத் தேயிலை தவிர வேறொன்றும் தெரியாத மலையில் பெயர் மட்டும் கோப்பி மணக்கிறது. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த கதையை அந்த ஒரு பெயரை வைத்தே பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். பெயர்ப்பலகையில் இருக்கிற பெயர் ஒன்று, எங்கள் ஆட்கள் வாயில் இருக்கிற பெயர் இன்னொன்று. இரண்டையும் எழுதிவரச் சொன்னால் பிள்ளைகள் குஷியாகப் போவார்கள்.

ராசா கதையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. எங்கள் பாடசாலை வாசலில் நின்றால், மூடுபனி விட்ட காலையில் சிவனொளிபாதமலை தெரியும். மார்கழியிலிருந்து வைகாசி வரைக்கும் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களை எண்ணியே வளரும் பிள்ளைகள் இவர்கள். முதலாம் விசயபாகு மன்னன் அந்த மலைக்குப் போகும் யாத்திரிகர்களின் வசதிக்காகக் கிராமங்களை ஒதுக்கிக் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு எங்கள் பக்கத்து அம்பகமுவவில்தான் இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்த சோழரை விரட்டியவன் அவன். பிற்பாடு அதே பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பது தங்கள் பொறுப்பு என்று வேளைக்காரப் படையினர் தமிழில் கல்வெட்டு எழுதி வைத்தார்கள். இது ஆரம்பப் பிரிவுக்கு அதிகம், ஆசிரியருக்குத் தெரிந்திருந்தால் போதும். பிள்ளைகளுக்கு இபுனு பதூதா போதும். மொரோக்கோவிலிருந்து புறப்பட்ட மனிதர், 1344இல் இலங்கைக்கு வருகிறார். ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் அரசர் அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து மலைக்கு அனுப்புகிறார். இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். இந்தக் கதையைச் சொன்ன அன்று, தன் மாமாவும் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏறியதாக ஒரு பையன் சத்தியம் செய்தான்.

இனி, என் மனதில் அழியாமல் நிற்கும் பாடத்துக்கு வருகிறேன். மஸ்கெலியாக்காரருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மஸ்கெலியா நகரம் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது நகரத்தை மேலே தூக்கி வைத்தார்கள். மழை பொய்த்துத் தண்ணீர் வற்றும் மாதங்களில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்குள்ளிருந்து எழும்பி நிற்கும். ஒரு பங்குனியில் நான்காம் தரத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். கரைக்கு இறங்க அனுமதி கிடைக்கவில்லை, சேறு ஆளை விழுங்கும் என்று அதிபர் சொன்னது நியாயம். பாதையோரம் நின்றே பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு சின்னக் குரல்: "டீச்சர், சாமிய ஏன் தண்ணிக்குள்ள விட்டாங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். "யாரைக் கேட்டால் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டேன். அடுத்த வாரம் பழைய நகரத்தைக் கண்ட மூன்று பேர் வகுப்புக்கு வந்தார்கள். ஒருவர் சலூன்காரர். புது நகரத்தில் தனக்குக் கடை பெரிதாகக் கிடைத்தது, நல்லதுதான் நடந்தது என்றார். மற்றவர் கொழுந்தெடுத்து ஓய்ந்த பாட்டி. ஆற்றோரம் கீரை போட்டுப் பிழைத்த துண்டு நிலம் போய்விட்டது என்று அழுதார். மூன்றாமவர் பலசரக்குக் கடைக்காரர், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் பெரியவர். "தண்ணிய தேக்கினது கரண்டுக்கு. கரண்டு கொழும்புக்குப் போச்சு, லயத்துக்கு வர எத்தன வருசம் ஆச்சு தெரியுமா?" என்று அவர் கேட்க, பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆமாம் போட்டார். சாமி கேள்விக்கும் பாட்டிதான் பதில் சொன்னார்: "சாமி மேல வந்துட்டாரு கண்ணு. கட்டடத்ததான் விட்டுட்டு வந்தோம்."

அன்று பிள்ளைகள் கொப்பியில் எழுதியதை இன்றும் வைத்திருக்கிறேன். 'மூணு பேரும் பொய் சொல்லல. ஆனா மூணும் வேற வேற' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். மஸ்கெலி ஓயா களனி கங்கையில் சேர்கிறது, களனி கொழும்பில் கடலில் விழுகிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினேன். ஊர் மூழ்கியதும் எங்கேயோ விளக்கு எரிந்ததும் ஒரே கதை என்று அவர்களுக்குப் புரிய வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அதே வருஷம், பக்கத்துச் சிங்களப் பாடசாலை டீச்சரிடம் இதைச் சொன்னேன். அவரும் தன் பிள்ளைகளை வரையச் சொன்னார், படங்களை மாற்றிக்கொண்டோம். எங்கள் பிள்ளைகளின் படத்தில் நடுவில் கோயில், அவர்கள் படத்தில் நடுவில் விகாரை. இரண்டையும் பக்கம் பக்கமாகச் சுவரில் ஒட்டியதும், எது எந்தப் பக்கம் இருந்தது என்று எங்கள் வகுப்பில் பெரிய சண்டை. தீர்த்துக்கொள்ளத் திரும்பவும் பாதையோரம் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அதற்குள் மழை இறங்கி, தண்ணீர் ஏறிவிட்டது.

குடியுரிமைக் கதைக்கு வருகிறேன். கடிதம் எழுதியவர் அதை மூன்றாம் தரத்தில் வைக்கச் சொல்கிறார், நான் ஐந்தாம் தரத்தின் கடைசியில் வைப்பேன். புலமைப்பரிசில் முடிந்த பிறகு ஐந்தாம் தர வகுப்பறையை யாராவது எட்டிப் பார்த்ததுண்டா? ஓட்டம் முடிந்த குதிரை மாதிரிப் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள், ஆசிரியரும் சும்மா இருப்பார். பரீட்சை பயமில்லாத அந்த வாரங்கள்தான் இதற்கு உகந்தவை. 'ஒருவர் இந்த நாட்டுக்காரர் என்று எதை வைத்துச் சொல்வாய்?' என்று தொடங்கலாம். பிறந்தது, இருக்கிறது, வேலை செய்கிறது, ஐடென்டிட்டி கார்ட் என்று அடுக்குவார்கள். பிறகு சொல்லலாம்: 1931இல் இந்த நாட்டில் எல்லோருக்கும் வாக்கு வந்தபோது தோட்டத்திலும் வாக்களித்தார்கள். ஹட்டன் தொகுதி தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரைப் பிற்பாடு அரசாங்க சபைக்கு, அப்போதைய சட்டசபைக்கு, அனுப்பியது. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948, 1949 சட்டங்களோடு பிரஜாவுரிமை, வாக்கு எல்லாம் போனது. மீதியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல் வந்தது. கயிற்றை எடுத்து அளக்கச் சொல்லுங்கள், ஐந்தரைச் சாண். தங்கள் வாழ்க்கை ஒரு சாண்தான் என்று அறிந்த பிள்ளைக்கு அந்த நீளம் என்னவென்று விளங்கும். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த கோவிந்தனின் பெயரையும் அந்த வயதில் சொல்லலாம், எட்டு வயதில் வேண்டாம்.

இதிலும் நான் ஒரு பிழை செய்தேன். பழைய பத்திரங்கள் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரு பிள்ளை தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழை, மூலப் பிரதியையே, வீட்டுக்குத் தெரியாமல் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தது. வழியில் மழை. மை ஊறி ஒரு மூலை நீலமாகிவிட்டது. தாத்தா வந்தார், திட்டு வாங்கத் தயாராக நின்றேன். "அடுப்புக்கு மேல காயப்போட்டிருக்கோம் டீச்சர், எழுத்து தெரியுது" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து, பத்திரத்தைத் தொடாதே, பார்த்துவிட்டு வந்து சொல் என்பது என் வகுப்புச் சட்டம். ஆசிரியர் வழிகாட்டியில் இப்படியான வரிகள் வர வேண்டும். நோக்கங்கள், தேர்ச்சிகள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், மழையைப் பற்றி எழுதுவதில்லை.

எங்கள் ஆட்களை இரண்டு நாடும் பங்குபோட்ட 1964 ஒப்பந்தத்தின் கணக்கு எனக்கு மனப்பாடம்தான். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மீதி ஒன்றரை இலட்சம் பிறகு பார்ப்போம். அதைப் பிற்பாடு 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஆனால் எனக்கு அந்தக் கணக்கு பாடசாலையில் வந்ததல்ல. ஒன்பது வயதில் என் கூட்டாளி ஒருத்தி ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறினாள். அழுகைக் கோச்சி என்று அதற்கு எங்கள் பக்கம் பெயர். தலைமன்னார் போய், அங்கிருந்து ராமானுஜம் கப்பல். போகும்போது தான் விளையாடும் சொட்டாங்கல் ஐந்தையும் என்னிடம் தந்துவிட்டுப் போனாள். நீலகிரியிலிருந்து இரண்டு கடிதம் வந்தது, அங்கேயும் தேயிலைதானாம். நான் வகுப்பில் ஐந்து கல்லை மேசையில் வைத்துவிட்டுத்தான் அந்த எண்களைக் கரும்பலகையில் எழுதுவேன்.

கடிதம் எழுதியவர் 'நம் பிள்ளைகள் நம் துயரத்தை அறிய வேண்டும்' என்று முடித்திருந்தார். அறியட்டும். அதோடு கவ்வாத்து வெட்டுகிறவரின் கைப்பக்குவத்தையும், மணத்தை வைத்தே கொழுந்தின் பதம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை ஸ்டோர்காரரையும், மாசியில் விடிய விடியக் காமன் கூத்துப் பாட்டை ஒரு கொப்பியும் பார்க்காமல் பாடுகிற மாஸ்டரையும் அறியட்டும். 'நாங்க பாவம்' என்பதை மட்டும் படித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை அப்பாவை எந்தக் கண்ணால் பார்க்கும்?

பாடத்திட்டம் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கேள்விகளை நாடு முழுவதற்கும் ஒன்றாக வையுங்கள், பதில்களை அந்தந்தப் பாடசாலை தேடிக்கொள்ள விடுங்கள். வயல் கிராமத்துக்கு ஒன்று, கரையோரத்துக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என மாதிரிப் பாடங்களை வழிகாட்டியில் கொடுங்கள். இடமாற்றத்தில் புதிதாக வருகிற ஆசிரியருக்கு ஊர் தெரியாது, அவருக்கு அது கைகொடுக்கும். தயவுசெய்து இதிலிருந்து ஒரு பல்தேர்வு வினாக்கூட எடுக்காதீர்கள். எடுத்த மறுநாளே சொட்டாங்கல் எத்தனை என்று டியூஷன் வகுப்பில் மனப்பாடம் நடக்கும்.

கடைசியாக ஒரு உதவி. வகுப்புக்கு வந்த சலூன்காரரும் நானாவும் ஒரு விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பழைய நகரத்தில் பஸ் நிறுத்துமிடம் கோயிலுக்கு மேல்பக்கம் என்றார் ஒருவர், கீழ்ப்பக்கம் என்று மேசையில் தட்டினார் மற்றவர். இருவரும் இப்போது இல்லை. பழைய மஸ்கெலியாக் கடைவீதியின் புகைப்படம் தங்கள் வாசகர்கள் யாரிடமாவது இருந்தால், பிரதி ஒன்றைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். மூலப் பிரதியை அனுப்ப வேண்டாம், மழைக்காலம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
மஸ்கெலியா